எதிரே உட்கார்ந்திருப்பவர்

‘அமைதிப்படை’யின் கதையைப் பாதி மறந்தவர்களுக்குக்கூட அந்த வாக்கு எண்ணிக்கைக் காட்சி மறப்பதில்லை. 1994 பொங்கலுக்கு வந்த படம். கோயிலில் சிதறு தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, உள்ளூர் அரசியல்வாதி ஒருவரின் தயவில் தேர்தலில் நிற்கிறான். அரசியல்வாதியாக மணிவண்ணன், அமாவாசையாக சத்யராஜ். எண்ணிக்கை தொடங்கும்போது அமாவாசை நாற்காலியின் நுனியில் பட்டும் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறான். முழுதாக உட்காரத் தனக்கு உரிமை இல்லை என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. முன்னிலை நிலவரம் ஒவ்வொன்றாக வர வர, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்கிறான். குறுகிக் கிடந்த தோள் விரிகிறது, முதுகு சாய்மானத்துக்குப் போகிறது, கடைசியில் கால்மேல் கால் ஏறுகிறது. பெரிதாக வசனம் எதுவும் பேசிவிடவில்லை. நாற்காலியில் ஒரு சாண் பின்னால் நகர்வதற்குள் தேங்காய் பொறுக்கியவன் போய், நாகராஜ சோழன் என்ற புதுப் பெயரில் ஓர் அரசியல்வாதி வந்து உட்கார்ந்துவிடுகிறான். முப்பது ஆண்டுகள் கழித்தும் யாராவது பதவிக்கு வந்த வேகத்தில் ஆளே மாறிப்போனால், கோயம்புத்தூர்ப் பக்கத்து டீக்கடைகளில் அமாவாசையின் பெயரைச் சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படுவதில்லை.

இந்தக் காட்சியைப் புகழ்கிறவர்கள் சத்யராஜைப் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் அதே நேரத்தில் மணிவண்ணன் என்ன செய்கிறார் என்று ஒருமுறை அவரை மட்டும் பார்த்தபடி காட்சியை ஓட்டிப் பாருங்கள். முதலில் அவர்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்பதே அவருக்கு ஒரு பொருட்டில்லை. எண்ணிக்கை ஏற ஏற அவர் பார்வை அடிக்கடி பக்கவாட்டில் போய்வருகிறது. குரலில் இருந்த அதட்டல் கரைகிறது. அமாவாசை சாயச் சாய, இவர் முன்னால் வருகிறார். அழைப்பில் இருந்த மரியாதையும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இடம் மாறிப் போகிறது. தராசில் ஒரு தட்டு இறங்காமல் மறு தட்டு ஏறாது. மணிவண்ணன் தன் தட்டை அவ்வளவு நிதானமாக இறக்கியதால்தான் சத்யராஜ் ஏறியது நம் கண்ணுக்குத் தெரிந்தது. படத்தின் இயக்குநரே மணிவண்ணன்தான் என்பது இங்கே முக்கியம். காட்சியை அமைத்தவர், ஜெயிக்கிற நாற்காலியை நண்பருக்குக் கொடுத்துவிட்டுத் தோற்கிற நாற்காலியில் தான் போய் உட்கார்ந்தார். நடிப்பு எங்கே பதிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன்: நம் மனத்தில் பல்லாண்டு தங்கிவிட்ட நடிப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி ஒருவருடைய நடிப்பு அல்ல. இரண்டு பேருக்கு நடுவே மரியாதை இடம் மாறுகிற கணத்தைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மாற்றத்தை நமக்குக் காட்டித்தருபவர் பெரும்பாலும் கொடுக்கிறவர் அல்லர், வாங்கிக்கொள்கிறவர்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்த வாக்கு எண்ணிக்கைக் காட்சி இத்தனை ஆழமாக இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது இங்கே வெகுகாலம் வரை சட்டம்போல இருந்தது. சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. பெரிய வீட்டுத் திண்ணைக்கு முன் போகிறவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதும் பழைய புராணம் அல்ல. பஞ்சாலைகள் வந்தன, பட்டறைகளும் பவுண்டரிகளும் வந்தன. மேஸ்திரி முன்னால் ஒரு நிற்பு, முதலாளி முன்னால் வேறொரு நிற்பு என்று அந்தச் சட்டம் புதிய உருவங்கள் எடுத்தது. பேச்சிலும் அப்படித்தான். சின்னக் குழந்தையைக்கூட ‘வாங்க, போங்க’ என்று அழைக்கிற ஊர் இது. எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற இடத்தில், அந்த ‘ங்க’ ஒரே ஒரு முறை விழாமல் போனால் அது அடி விழுந்த மாதிரி காதில் கேட்கும். இப்படிப்பட்ட காதும் கண்ணும் உள்ள பார்வையாளருக்கு, ஒருவன் நாற்காலியின் நுனியிலிருந்து நடுவுக்கு வருவது வெறும் நடிப்பு நுணுக்கம் அல்ல. அவருடைய தாத்தா காலத்து வழக்கு ஒன்று கண்முன் தலைகீழாவது. சூலூரிலிருந்து போன மணிவண்ணனுக்கும் கோவையிலிருந்து போன சத்யராஜுக்கும் அந்த உடல்மொழியைக் கற்றுக்கொள்ளப் பயிற்சி வகுப்பு தேவைப்பட்டிருக்காது. வளர்ந்த தெருவிலேயே அது கிடைத்தது.

சேலத்துக்குப் போனால் இன்னும் பழைய சான்று கிடைக்கிறது. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் எஸ்.ஏ.நடராஜன் ஏற்ற பார்த்திபன் என்கிற வில்லன், மனைவியைக் கொல்லத் திட்டமிட்டு அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு பின்னே ஒலிக்க, அன்பு ததும்பும் முகத்தோடு கூட்டிப்போகிறான். படத்தின் கதாநாயகன் எம்.ஜி.ஆர். என்பதை மறந்தவர்கள் உண்டு, இந்த மலையேற்றத்தை மறந்தவர்களைக் காண்பது அரிது. அந்தக் காட்சிக்கு உயிர் நடராஜனின் தேன் தடவிய சிரிப்பு என்று எப்போதும் சொல்லப்படுகிறது. அந்தச் சிரிப்பின் மேல் நமக்குப் பயம் வருவது எப்படி? மனைவி அமுதவல்லியாக வரும் மாதுரி தேவி அதை முழுசாக நம்புகிறார். அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல் முன்கூட்டியே விழுந்திருந்தால், பார்க்கிறவர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். இவள் தப்பிவிடுவாள் என்று. அவர் நம்ப நம்பத்தான் நடராஜனின் இனிப்பு விஷமாகிறது. உச்சிக்குப் போய் உண்மை தெரிந்ததும், சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள் அமுதவல்லி. பணிவின் மிகப் பழைய சடங்கு. சுற்றி வந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் சில நொடிகளில் இடம் மாறிவிட்டார்கள். இந்த மாற்றம் இல்லையென்றால் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு நல்ல பாட்டு மட்டும்தான்.

சிரிப்பில் இது இன்னும் தெளிவு. உடுமலை வட்டாரத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணியை, குரலாலும் வசையாலும் ஆளை மிதிக்கிற நடிகராக மட்டுமே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவரோடு சேர்ந்தவர் செந்தில், ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியில் கதை என்று ஒன்றுமே இல்லை. இரண்டு பழம் வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்டவன் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறான். மற்றொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருக்கிற பழத்தையே காட்டுகிறான். கவுண்டமணி எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் அதேதான். செந்திலின் முகத்தைக் கவனியுங்கள். கண்ணில் திருட்டுத்தனம் கிடையாது, உதட்டோரத்தில் சிரிப்பு கிடையாது. தான் சொல்வது நியாயம் என்று நம்புகிற ஓர் அப்பாவியின் பொறுமை மட்டும் இருக்கிறது. அந்தச் சலனமின்மை கவுண்டமணியைப் படிப்படியாகப் பைத்தியத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறது. கை ஓங்குகிறவர் அவர், தோற்றுக்கொண்டிருப்பவரும் அவர். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ் மேண்டிலைச் செந்தில் தொட்டுப் பொடியாக்குவதும் அதே கணக்கு. விளக்கு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அந்தக் கையில் அவ்வளவு உண்மையாக இருக்கிறது. கோயம்புத்தூர்க் குசும்பு என்று ஊரே பெருமைப்பட்டுக்கொள்கிற சங்கதியின் இலக்கணமும் இதுதான். முகத்தில் ஒரு மடிப்பு விழாமல் ஒருவர் சொல்ல வேண்டும், எதிராளி அதை உண்மையென்று வாங்கிக்கொண்டு சிரமப்பட வேண்டும். இந்த ஊர்க் குசும்பில் வளர்ந்த கவுண்டமணி, படத்தில் அதன் பலியாக நின்றார். அது சாதாரணத் திறமை அல்ல.

கோவை சரளாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்கு உரிய கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. பாலு மகேந்திரா இயக்கிய ‘சதி லீலாவதி’ (1995) படத்தில் டாக்டர் சக்திவேலாகக் கமல்ஹாசனும், அவர் மனைவி பழனியம்மாளாகச் சரளாவும் வருகிறார்கள். இரண்டு பேரும் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள். கமல் அந்தத் தமிழை எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டார் என்று அன்று முதல் பாராட்டு நடந்துகொண்டிருக்கிறது. பரமக்குடிக்காரர் ஒருவர் கொங்குப் பேச்சை அத்தனை சரளமாகப் பேசினார் என்றால் அதில் அவருடைய உழைப்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பேச்சு வீட்டுப் பேச்சாகக் கேட்டது, பதில் சொல்ல எதிரே பழனியம்மாள் இருந்ததால்தான். சரளா வார்த்தையின் கடைசியை இழுக்கிற இழுப்பிலும், கணவனைச் சந்தேகிக்கும்போதுகூட மரியாதை விட்டுப்போகாமல் கேட்கிற கேள்வியிலும், ஒரு நீண்ட கல்யாண வாழ்க்கை தெரிகிறது. அந்த மரியாதைக்குள்ளேயே மிரட்டலும் இருக்கிறது. அந்த மிரட்டலைக் கமல் வாங்கிக்கொள்ளும்போது, உச்ச நட்சத்திரம் என்கிற எடை முழுவதும் அவர் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. நகைச்சுவை நடிகை என்று ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவர், கதாநாயகனை அவனுடைய சரியான உயரத்துக்குக் கொண்டுவந்த காட்சிகள் அவை. அதற்குப் பிறகு வந்த பல படங்களில் கொங்குத் தமிழ் என்றால் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஏனுங்க’ போட்டால் சரி என்றாகிவிட்டது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது. பேசுகிறவர் மட்டும் கொங்குத் தமிழ் பேசி, எதிரே இருப்பவர் அதைக் கொங்குக் காதால் கேட்காதபோது, அது வேடமாகத்தான் ஒலிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சிவாஜி கணேசனை எங்கே வைப்பாய் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒற்றை ஆளாகத் திரையை நிரப்பியவர் என்று தமிழர்கள் யாரையாவது சொல்வார்கள் என்றால் அது அவர்தான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) வசனத்தைப் பள்ளி ஆண்டு விழாக்களில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் தனியாகத்தான் நின்று பேசினார்கள். அவர்கள் பேசியதும் படத்தில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். படத்தில் சி.ஆர்.பார்த்திபன் ஜாக்சன் துரையாக எதிரே இருக்கிறார். அவருடைய அலட்சியம் அந்தக் காட்சியின் தரை. அந்தத் தரையை உதைத்துத்தான் கட்டபொம்மன் எழும்புகிறான். மேடையில் பேசிய பிள்ளைக்குத் தொண்டை கட்டியதே தவிர கட்டபொம்மன் வரவில்லை என்றால், குறை பிள்ளையிடம் மட்டும் இல்லை. அவனுக்கு எதிரே ஜாக்சன் இல்லை. சிவாஜியின் பிற்காலத்துக்கு வந்தால், 1992 தீபாவளிக்கு வெளியான ‘தேவர் மகன்’ இருக்கிறது. தென்பாண்டிக் கிராமமாகத் திரையில் தெரிந்த மண்ணும் தோப்பும் வீடும் பொள்ளாச்சிப் பக்கத்தவை. ஊரை விட்டுப் போகிறேன் என்கிற மகனிடம், மழைச் சத்தத்துக்கு நடுவே பெரிய தேவர் பேசுகிற காட்சியில் சிவாஜி குரலை உயர்த்தவே இல்லை. அறுபதுகளில் இருந்த ஒரு மகாநடிகர் தன் மிகப் பெரிய ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறார். எதிரே கமல், பதில் சொல்ல முடியாத மகனாக, வாதத்தில் தோற்காமலே தோற்கிறார். அதே படத்தில் ரேவதியின் பஞ்சவர்ணம், அவசரக் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பின் தலை குனிந்தபடி ஒற்றைச் சொற்களில் பதில் சொல்கிறாள். கணவனின் கசப்பு, கூச்சம், பிறகு மெல்ல வருகிற கனிவு எல்லாமே அவள் குனிந்த தலையின் மேல் எழுதிக் காட்டப்படுகின்றன. அந்த வேடத்துக்குத் தேசிய விருது வந்தது, ‘துணை நடிகை’ என்ற பிரிவில். துணை என்கிற அந்தப் பாகுபாடே நம் கண்ணைத் தவறான இடத்தில் நிறுத்தி வைக்கிறது என்று நினைக்கிறேன்.

என் வாதத்துக்கு அடங்காத ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984). மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, அதிகம் பேசாத கொலைகாரன். சத்யராஜ் என்கிற பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன வேடம். எதிரே யாரும் சமமாக நிற்கவில்லை, மரியாதை எதுவும் இடம் மாறவில்லை, இருந்தும் அந்த உருவம் நாற்பது ஆண்டுகளாக அழியவில்லை. இதற்கு நான் இரண்டு பதில் சொல்வேன். அந்தப் படத்தின் பயம் நளினியின் கண் வழியாக நமக்கு வருகிறது. நடக்கப்போகும் கொலையைக் கனவுபோலக் காண்கிறவள் அவள்தான், அவள் நடுக்கத்தில்தான் அந்த மொட்டைத் தலைக்கு இத்தனை கனம் சேர்ந்தது. இது ஒரு பாதிப் பதில். மீதிப் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: தோற்றம் தனியாகவே நினைவில் நிற்க வல்லது. ஆனால் அங்கே நிற்பது ஒரு படம், ஒரு சுவரொட்டி. அந்தக் கொலைகாரன் என்ன நினைத்தான், எதற்கு அஞ்சினான் என்று கேட்டால் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அமாவாசையைப் பற்றிக் கேளுங்கள், பதவி வந்த பின் யாரைப் பார்த்தான், யாரைப் பார்க்காமல் விட்டான் என்று ஒரு மணி நேரம் பேசலாம். பத்தே ஆண்டு இடைவெளியில் அதே இயக்குநர், அதே நடிகர். முதல் படத்தில் நமக்கு உருவம் கிடைத்தது, இரண்டாவதில் மனிதன் கிடைத்தான்.

இதெல்லாம் நடிகர்கள் செய்ததா, இயக்குநரும் படத்தொகுப்பாளரும் செய்ததா என்கிற கேள்வி அடுத்தது. யார் முகத்துக்கு எப்போது போவது என்பதை முடிவு செய்கிறவர் தொகுப்பு மேசையில் இருக்கிறார். எதிராளி வாங்கிக்கொள்வதாக நமக்குத் தோன்றுவதே வெட்டி ஒட்டியதன் மாயம்தானே என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனாலும் வெட்டிப் போன இடத்தில் முகத்தில் ஏதாவது இருந்தால்தான் ஒட்டுவதற்குப் பயன். நாயகன் நீளமாகப் பேசி முடித்ததும், சுற்றி நிற்கிற இருபது பேர் வாய் பிளந்து வியக்கிற காட்சிகள் வாராவாரம் வருகின்றன. அங்கேயும் எதிர்முகம் காட்டப்படுகிறது, தொகுப்பும் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் தங்குவதில்லை, ஏனென்றால் அந்த முகங்கள் எதையும் இழக்கவில்லை, எதையும் பெறவும் இல்லை. தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டுப் பதியவைத்ததைப் போய் நடிப்பின் மகிமை என்கிறாயே என்று இன்னொரு தரப்பு சொல்லும். தொலைக்காட்சி எல்லாவற்றையும்தான் திரும்பத் திரும்பப் போடுகிறது. அதில் ஒரு சிலதை மட்டும் மக்கள் எடுத்துத் தம் பேச்சில் வைத்துக்கொள்கிறார்கள். செல்பேசியில் இன்று சுற்றுகிற மீம்களைப் பாருங்கள். வடிவேலு, கவுண்டமணி, செந்தில் என்று எத்தனை முகங்கள். அவற்றில் பெரும்பாலானவை பேசுகிற முகங்கள் அல்ல. யாரோ சொன்னதைக் கேட்டு முடித்த நொடியில் உறைந்த முகங்கள். படத்தையே பார்க்காத பிள்ளைகள்கூட, கேட்கிற முகத்தைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

கடைசியாக ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையை வைத்துத் தமிழ் என்ற இயக்குநர் எடுத்த ‘சேத்துமான்’, 2022-ல் இணையத்தில் வெளியானது. வசனமும் பெருமாள்முருகன். பன்றிக்கறிக்கு ஆசைப்படுகிற பண்ணைக்காரராகப் பிரசன்னா பாலச்சந்திரன், அவரிடம் வேலை செய்துகொண்டு பேரனைப் படிக்கவைக்கிற கிழவர் பூச்சியப்பனாக மாணிக்கம். கொங்குக் கிராமத்துப் பேச்சு இவ்வளவு ஒழுங்காகத் திரையில் வந்தது அபூர்வம், பண்ணைக்காரரின் வாயில் அது துள்ளுகிறது. அதட்டல், ஆசை, சலிப்பு, உரிமை எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. அவர் சொல்வதையெல்லாம் மாணிக்கம் வாங்கிக்கொள்கிறார். முதுகு எப்போதும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது, குரல் தேவைக்கு மேல் ஒரு சொல் எழும்புவதில்லை. அமாவாசையைப் போல இந்தக் கிழவர் நாற்காலியின் நடுவுக்கு நகரப்போவதில்லை, உட்கார நாற்காலியே அவருக்கு இல்லை. பேரனிடம் திரும்பும்போது மட்டும் அந்த முதுகு நிமிர்கிறது, குரலில் விளையாட்டு வருகிறது, அவன் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு பெரிய மனிதராகப் பதில் சொல்கிறார். ஒரே உடம்பு ஒரே நாளில் இரண்டு பேர் முன்னால் இரண்டு விதமாக நிற்கிறது. நாள் முழுக்கப் பணிந்து நிற்க வேண்டியிருந்த மனிதர்கள் தம் மரியாதையை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்பதை இத்தனை நுணுக்கமாகச் சொன்ன நடிகர் வேறொருவர் தமிழ்த் திரையில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த ஆண்டின் சிறந்த நடிப்பு என்று பேசப்பட்ட பட்டியல்களில் மாணிக்கத்தின் பெயர் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்.